கோதாவரிக் கரையில் ஒரு வீடு

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. ஊருக்குப் போவது என்பதே அது. பல வாரங்களுக்கு முன்பே பயணச்சீட்டுப் பெற்று, முறுக்கும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு, திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ கோயம்புத்தூருக்கோ வண்டி ஏறுகிறோம். எங்கள் குடும்பமும் அப்படித்தான். ஓராண்டு என் பிறந்தகமாகிய பாளையங்கோட்டை. மறு ஆண்டு என் கணவரின் ஊராகிய கோயம்புத்தூர். ஆனால் 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இரண்டுக்கும் போகவில்லை. உற்றார் உறவினர் எவரும் இல்லாத ராஜமுந்திரிக்குப் போனோம். என் கணவர் தமது இருபதாம் வயதில் ஆறு மாதங்கள் தங்கியிருந்த ஊர் அது.

சங்கத்தின் பொங்கல் விழாவில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, "எழுதித் தாருங்களேன்" என்று இந்த ஏட்டின் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். ஊரையும் ஆற்றையும் பற்றி எழுதுவது எளிது. அங்கே எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதுவதுதான் கடினம். என் மாமியாரிடமும் கணவரிடமும் இசைவு பெற்ற பின்னரே எழுதத் துணிந்தேன்.

முதலில் என் கணவரின் சபையைப் பற்றிச் சில சொற்கள் சொல்லவேண்டும். 1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை அது. உலகம் அதனை மார்மன் சபை என்று அழைக்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப்பெயர். அந்தப் பெயராலேயே தங்களை வழங்கவேண்டும் என்று அதன் தலைவர்கள் 2018 முதல் வற்புறுத்தி வருகின்றனர். உலகெங்கும் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு அது முற்றிலும் புதியதன்று. ரிச்சர்ட் பாலண்டைன் என்ற ஊழியர் 1853ஆம் ஆண்டிலேயே கப்பலேறிச் சென்னைக்கு வந்திருக்கிறார். அவர் முயற்சி அப்போது வேர் பிடிக்கவில்லை. பிறகு 1965இல் கோயம்புத்தூரில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். என் மாமனார் 1990க்குப் பிறகு அச்சபையில் சேர்ந்தவர். தந்தையோடு மகனும் சேர்ந்தார். என் மாமியார் மட்டும் தாம் பிறந்து வளர்ந்த தென்னிந்தியத் திருச்சபையிலேயே இருந்துவிட்டார். நானும் அத்திருச்சபையைச் சேர்ந்தவளே.

இந்தச் சபையார் காப்பி, தேயிலை இரண்டையும் தொடமாட்டார்கள். காப்பி வாசனை இல்லாமல் ஒரு தமிழ் வீட்டில் பொழுது விடியுமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் வீட்டில் காலையில் இரண்டு தம்ளர்களில் காப்பியும் மூன்று தம்ளர்களில் பாலும் இருக்கும். அத்தையும் நானும் அடுப்பங்கரையில் நின்று குடிப்போம். அதைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

அச்சபையின் இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் ஊழியத்துக்குப் போவது வழக்கம். இன்று உலகில் 70,000க்கு மேற்பட்டோர் அவ்வாறு ஊழியம் செய்கின்றனர். இப்போது பதினெட்டு வயதில் போகலாம். 2012 வரை பத்தொன்பது நிறைந்திருக்க வேண்டும். எந்த ஊருக்கு என்பதைத் தாமே தெரிந்துகொள்ள முடியாது. சபை அனுப்பும் இடத்துக்குப் போகவேண்டும். சம்பளம் கிடையாது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுக்கவேண்டும். எங்கும் தனியே போகலாகாது. துணை ஊழியர் ஒருவர் எப்போதும் உடனிருப்பார். நீரில் இறங்கி நீந்தலாகாது. திரைப்படம் கிடையாது. வாரம் ஒருமுறை வீட்டுக்கு எழுதலாம். தொலைபேசியில் பேசுவதற்கோ ஆண்டுக்கு இரண்டே நாட்கள். கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். 2019ஆம் ஆண்டில்தான் வாரந்தோறும் வீட்டாருடன் பேசலாம் என்று விதி தளர்ந்தது.

என் கணவர் 2002ஆம் ஆண்டு இறுதியில் புறப்பட்டார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழியப் பகுதிக்கு உட்பட்ட ஆந்திர நகரங்களுக்கு அனுப்பப்பட்டார். அவற்றுள் மூன்றாவது ஊர் ராஜமுந்திரி. 2003ஆம் ஆண்டு கோதாவரிப் புஷ்கரத்தின்போது அவர் அங்கே இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பன்னிரண்டு நாட்கள் நடக்கும் நீராட்டு விழா அது. கும்பகோணத்து மகாமகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஓர் இரவு, கோயம்புத்தூரில் என் மாமனார் மாரடைப்பால் காலமானார். மறுநாள் மாலையில் அடக்கம் நடந்தது. மகன் வரவில்லை. ஊழியக் காலம் முடியும்வரை, அதற்குப் பிறகு ஏறத்தாழ பதினைந்து மாதங்கள், அவர் வீடு திரும்பவே இல்லை.

எங்களுக்குத் திருமணமானது 2009இல். அதற்கு முன்பே இந்தச் செய்தி எனக்குத் தெரியும். தெரிந்த விதம்தான் இரண்டாக இருந்தது. அவர் சபையில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். "தகப்பனார் இறந்தபோதும் ஊழியத்தை விட்டு வராதவர்" என்று புதியவர்களுக்கு அவரை அறிமுகம் செய்வார்கள். அத்தை அதை ஒருபோதும் சொன்னதில்லை. மாமனாரின் படத்துக்கு விளக்கேற்றும் நினைவுநாளில் மகனை அவர் அழைப்பதில்லை. என்னை மட்டும் அழைப்பார். மகனிடம் அன்புக்குக் குறைவில்லை, எங்களோடுதான் இருக்கிறார், மகனுக்குப் பிடித்ததை அவர்தான் சமைப்பார். ஆயினும் இருவருக்கும் இடையே திறக்கப்படாத ஓர் அறை இருப்பது வீட்டுக்கு வந்த மருமகளுக்குத் தெரியாமல் போகுமா?

இன்னொன்றும் நினைவிருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், அடுத்த புஷ்கரத்தின் முதல் நாளில், ராஜமுந்திரிப் படித்துறையில் நெரிசல் ஏற்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைக் கண்ட என் கணவர் அன்றும் மறுநாளும் யாரிடமும் பேசவில்லை. பழகிய ஊராயிற்றே என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் மகள். அவளுக்குப் பதினான்கு வயது. சபையில் யாரோ மறுபடியும் அந்தப் பெருமையைச் சொல்லக் கேட்டு வந்தவள், இரவு உணவின்போது, "அப்பா, தாத்தாவைவிட முக்கியமாக அந்த ஊரில் என்ன இருந்தது?" என்று கேட்டுவிட்டாள். குழந்தைகள் கேட்கும் கேள்விக்கு முன்பின் கிடையாது. கை சோற்றிலேயே இருக்க, "போய்ப் பார்ப்போமா?" என்றார் அவர். அப்போது அத்தை, தட்டிலிருந்து தலை நிமிராமலே, "நானும் வருகிறேன்" என்றார்.

மும்பையிலிருந்து புவனேசுவரம் செல்லும் கோணார்க் விரைவு வண்டியில் ஓர் இரவும் மறுநாள் பகலில் பெரும்பகுதியும் சென்றோம். கொவ்வூரைத் தாண்டியதும் வண்டி பாலத்தின்மேல் ஏறிற்று. கோதாவரியை அதுவரை நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவளுக்கு அது ஆறாகவே தோன்றவில்லை. கரை எப்போது வரும் என்று பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்தில், 1900இல் திறக்கப்பட்டு 1997இல் ஓய்வு பெற்ற பழைய பாலத்தின் தூண்கள் வரிசையாக நின்றன. அவர் சன்னலோரத்தில் அமர்ந்து தூண்களை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊர் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. கீழைச் சாளுக்கிய மன்னன் ராஜராஜ நரேந்திரன் ஆண்ட தலைநகர் அது. 2015 முதல் அரசு ஏடுகளில் அதன் பெயர் ராஜமகேந்திரவரம். அம்மன்னனின் தாய் குந்தவை, நம் முதலாம் இராசராச சோழனின் மகள். அவன் மனைவி அம்மங்கதேவி, இராசேந்திர சோழனின் மகள். அவர்கள் பெற்ற மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன். தெலுங்கில் பாரதம் பாடத் தொடங்கிய நன்னயர் இருந்ததும் நரேந்திரனின் அவையில்தான். இவற்றையெல்லாம் முதல் நாள் முழுதும் அவர் குழந்தைகளுக்குச் சொன்னார்.

தவளேசுவரம் அணைக்கும் அழைத்துப் போனார். 1847 முதல் 1852 வரை அங்கே முதல் அணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். அதற்கு முன்பு, 1836இல், கொள்ளிடத்தில் அணைகள் கட்டியவரும் அவரே. காவிரியில் கல்லணையைக் கண்டு கற்ற பாடத்தைக் கோதாவரிக்குக் கொண்டுவந்தார். இன்று நிற்பது அந்தப் பழைய அணைக்குப் பதிலாகப் பின்னாளில் கட்டப்பட்டது. அதற்கும் காட்டனின் பெயரே வைத்திருக்கிறார்கள். பிறகு கடைத்தெருவில் ரோஜாப் பால் வாங்கிக் கொடுத்தார். ஆத்திரேயபுரத்துப் பூதரேகுலு வாங்கினார். மெல்லிய தாளைப்போல வாயில் கரையும் இனிப்பு அது. குழந்தைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் நாங்கள் பார்க்க வந்தது அணையா, பலகாரமா? தாம் தங்கியிருந்த தெருவின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இரண்டுமுறை சொல்லிவிட்டார். அத்தை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அத்தைதான் முதலில் புடவை மாற்றிக்கொண்டு நின்றார். "வீட்டைக் காட்டு" என்றார்.

தெரு மாறிவிட்டதாம். ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பியிருந்தன. இரண்டு முறை வழி தவறி, ஒரு வேப்பமரத்தை அடையாளம் கண்டு, ஒரு சிறிய மாடி வீட்டின் முன்னே நின்றார். மாடியில் இருந்த இரண்டு அறைகளில்தான் ஊழியர்கள் வாடகைக்கு இருந்தார்கள். கீழே வீட்டுக்கார அம்மாள் இருந்தார். அவரை இவர் "பெத்தம்மா" என்று அழைப்பாராம். தெலுங்கில் பெரியம்மா என்று பொருள். அந்த அம்மாள் இவர்களது சபையில் சேர்ந்தவரல்லர். நாள்தோறும் துளசிக்கு நீர் ஊற்றும் வீட்டார். பெண்கள் தனியே வந்தால் ஊழியர் அறைக்குள் விடலாகாது என்பது விதியாகையால், அவர் மாடிப்படியின் நடுவில் நின்றே பேசுவாராம். இவர்கள் மேற்படியில் அமர்ந்து கேட்பார்களாம். இவருக்குத் தெலுங்கு வந்தது அந்தப் படிக்கட்டில்தான்.

கதவைத் திறந்தவர் ஒரு நடுவயதுக்காரர். அந்த அம்மாளின் மகன். சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி உரக்கக் கூவினார். பெத்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பார்வை மங்கியிருந்தது. என் கணவர் குனிந்து பெயரைச் சொன்னதும், அவர் முகத்தை இரு கைகளாலும் தடவி, "மஜ்ஜிக பையன்" என்று சிரித்தார். காப்பி கொடுத்தாலும் தேநீர் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லி மோர் மட்டும் கேட்பவர் என்பதால் அந்தப் பெயர்.

எங்களை உட்காரவைத்து, அத்தைக்கும் எனக்கும் காப்பியும் அவருக்கும் குழந்தைகளுக்கும் மோரும் கொடுத்தார்கள். அத்தையின் பக்கத்தில் அமர்ந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, பெத்தம்மா பேசத் தொடங்கினார். எனக்குத் தெலுங்கு தெரியாது. என் கணவர் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லி வந்தார்.

"உன் மகன் நல்ல பிள்ளை என்கிறார்." "அறையைத் தூய்மையாக வைத்திருப்போமாம்." "தொலைபேசி இவர்கள் வீட்டில்தான் இருந்தது. அப்பா இறந்த செய்தி இங்கேதான் வந்தது என்கிறார்."

பெத்தம்மா குரலைத் தாழ்த்தி நெடுநேரம் பேசினார். ஓரிடத்தில் கையை உயர்த்தி, எதையோ பிடித்துத் தொங்குவதுபோல் காட்டினார். அவருடைய மகனும் இடையே ஏதோ சொன்னார். எல்லாம் முடிந்ததும் என் கணவர், "அன்று இரவு எனக்குத் தயிர்ச்சோறு கட்டிக் கொடுத்தாராம்" என்று மட்டும் சொன்னார்.

"பேசியது இவ்வளவு, நீங்கள் சொல்வது இவ்வளவுதானா?" என்று நான் எண்ணி முடிப்பதற்குள் மகள் கேட்டாள்: "வீட்டிலேயே சாப்பிடக் கொடுக்காமல் ஏன் கட்டிக் கொடுத்தார், அப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை.

"வண்டிக்கு" என்றார் அத்தை.

நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். கோயம்புத்தூரில் அத்தை பிறந்து வளர்ந்த தெருவில் பாதி வீடுகள் தெலுங்கு பேசும் நாயுடு வீடுகள். பேசி நெடுநாளாயிற்றே தவிர, அத்தைக்கு அந்த மொழி பால்மொழிபோலப் பழக்கம். இதை மகன் எப்படியோ மறந்திருந்தார். அத்தை காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னையும் குழந்தைகளையும் பார்த்து, மகன் விட்டதைத் தாமே சொன்னார்.

"இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்ததாம். போவதும் இருப்பதும் உன் விருப்பம் என்று பெங்களூரிலிருந்து பேசிய பெரியவர் சொன்னாராம். இவன் உடனே 'ஊருக்குப் போகிறேன்' என்று எழுந்தானாம். துணைப் பையனும் இந்த அம்மாளின் மகனும் கூடப் போயிருக்கிறார்கள். புஷ்கரக் கூட்டம், நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. முதல் வண்டியில் ஏற முடியவில்லை. அடுத்ததில் படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்தவனைக் கூட்டம் கீழே தள்ளிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பி வந்தானாம். சட்டைக் கை கிழிந்து போயிற்று. மார்பிலிருந்த பெயர்ப்பட்டை போயிற்று. மாடி ஏறாமல் இந்தப் படியிலேயே உட்கார்ந்து விடியும்வரை அழுதானாம். சட்டையைத் தைத்துக் கொடுத்தது இவர்தானாம்."

பெத்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அத்தை சொல்லச் சொல்ல, தம் கதையை அடையாளம் கண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு மேலும் சில சொற்கள் சொன்னார். அதையும் அத்தையே சொன்னார். மறுநாள் காலையில், காலஞ்சென்ற தம் கணவருக்குப் பிண்டம் வைக்கப் படித்துறைக்குப் போன பெத்தம்மா, இவர்கள் இருவரையும் உடன் அழைத்துப் போயிருக்கிறார். "எங்கள் முறை உனக்கு வேண்டாம், உன் சாமியிடம் உன் முறையில் சொல்லிக்கொள்" என்று சொல்லி, நீரில் இறங்காமல் மேற்படியில் நின்ற இவருடைய கைகளில் ஒரு கை ஆற்று நீரை ஊற்றினாராம்.

விடைபெறும்போது பெத்தம்மா அத்தைக்குக் குங்குமம் கொடுக்கவில்லை. இருவரும் கணவரை இழந்தவர்கள். ஒரு கட்டுப் பூதரேகுலுவைக் கையில் வைத்து மூடினார். அத்தை அவர் கைகளைத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அன்று மாலை புஷ்கரப் படித்துறையில் அமர்ந்திருந்தோம். குழந்தைகள் கீழ்ப்படியில் நீரை அளைந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து போகப் பார்த்தேன். அத்தை என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஏன் சொல்லவில்லை, கண்ணு? இருபத்தொரு வருசம் ஆகிறதே!"

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார். "மறுநாள் உங்களோடு பேச அனுமதித்தார்கள். 'அம்மா, புறப்பட்டு வரட்டுமா?' என்றுதான் முதலில் கேட்டேன். 'எல்லாம் முடிந்தது, இனி வந்து என்ன ஆகப்போகிறது' என்றீர்கள். 'அப்படியானால் முடித்துவிட்டே வருகிறேன்' என்றேன்."

"நான் அப்படியா சொன்னேன்?" என்றார் அத்தை. அவருக்கு நினைவில்லை. கணவரை அடக்கம் செய்து ஓரிரவு கூட ஆகாதவர் சொன்ன சொல் அது. அதை அவர் அன்றே மறந்துவிட்டார். மகன் அதையே பிடித்துக்கொண்டார்.

"உங்கள்மேல் பழி போடவில்லை, அம்மா. அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை. ஒரு வாரம் கழித்தாவது வந்திருக்கலாம். அப்பா இல்லாத வீட்டுக்குள் நுழையப் பயமாக இருந்தது. இங்கே நாள் முழுதும் வேலை இருந்தது, நினைக்க நேரமில்லை. பயந்து இருந்துவிட்டேன். அதைப் பக்தி என்று சொன்னார்கள். முதல்தடவை புகழ்ந்தபோது நான் மறுக்கவில்லை. இரண்டாம் தடவை மறுக்க முடியவில்லை. சபைக்கு ஒரு கதை தெரியும்போது உங்களுக்கு மட்டும் வேறு கதை எப்படிச் சொல்வது?"

அத்தை நெடுநேரம் பேசவில்லை. விளக்குகள் ஏற்றத் தொடங்கினார்கள். பிறகு அவர் சொன்னது இதுதான்: "நீ வராததுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த மனிதர் செத்ததைக் கேட்டு நீ ஓடினாயா இல்லையா என்பது எனக்குத் தெரியவேண்டியிருந்தது. ஓடினாய் என்று தெரிந்திருந்தால், இத்தனை வருசமும் அவர் படத்தின் முன்னால் உனக்காக நான் வெட்கப்பட்டு நின்றிருக்க மாட்டேன்."

அவர் தாயின் மடியில் தலை வைத்துப் படுக்கவில்லை. அப்படியெல்லாம் கதைகளில்தான் நடக்கும். எழுந்து போய்ப் பையனை நீரிலிருந்து கரையேற்றினார். ஆனால் திரும்பி வரும்போது அத்தையின் செருப்பை எடுத்து அவர் காலருகில் வைத்தார். அத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

அந்தச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உபவாசம் இருப்பார்கள்; அன்றைய கூட்டத்தில் விரும்பியவர் எழுந்து தம் மனத்திலுள்ளதைச் சொல்லலாம். மும்பைக்குத் திரும்பியபின் வந்த முதல் ஞாயிறன்று அத்தையும் நானும் கேட்கப் போயிருந்தோம். அவர் எழுந்து நின்று, தம்மைப் பற்றி வழங்கிவரும் புகழ் உண்மையன்று என்றும், தாம் வண்டியைத் தவறவிட்டவர், பின்பு அஞ்சி நின்றவர் என்றும் நான்கே வாக்கியங்களில் சொல்லி அமர்ந்தார். யாரும் அவரைக் குறைவாக எண்ணியதாகத் தெரியவில்லை. ஒரு முதியவர் மட்டும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "என் தகப்பனார் இறந்தபோது நான் துபாயில் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முதியவரின் சொல்லுக்காகவே இதனை எழுத ஒப்பினேன். ஊழியமும் சபையும் எங்கள் வீட்டுச் செய்தி. ஆனால் நள்ளிரவில் மணி அடிக்கும் தொலைபேசி நம் எல்லார் வீட்டுச் செய்தி அன்றோ? ஊரைவிட்டு வந்த நம்மில் எத்தனை பேர் அந்த மணிக்குப் பின் நிலையத்துக்கு ஓடியிருக்கிறோம்! எத்தனை பேர் இடம் கிடைக்காமலும், விடுப்புக் கிடைக்காமலும், கையில் பணமில்லாமலும் திரும்பி வந்திருக்கிறோம்! போய்ச் சேர்ந்தவர்கள் அழுது தீர்த்துவிடுகிறார்கள். போக முடியாதவர்கள் ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு, அந்தக் காரணத்துக்குள்ளேயே பல ஆண்டுகள் அடைந்து கிடக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களோ நாம் வராததை மட்டும் பார்த்தார்கள். நாம் ஓடியதை அவர்கள் பார்க்கவில்லை. நாம் சொன்னாலன்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இவ்வாண்டு மாமனாரின் நினைவுநாள் வழக்கம்போல் வந்தது. விளக்கைத் துடைத்துத் திரி போட்டுவிட்டு அத்தை கூப்பிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தேன்.

"நீ இரு, அம்மா" என்றார். "அவனைக் கூப்பிட்டேன்."